கழுவாத கொத்தமல்லி

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய இடத்தில் பாதிதான் பேசினேன். மீதி உள்ளே கிடந்து எரிகிறது.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறி முதலாளி வீட்டில் சமையல் செய்தேன். முட்டைகூட நுழையாத வீடு. பக்கத்திலேயே தறிக்கூடம், அதன் பின்னால் காய்கறித் தோட்டம். தறியோட்ட வந்த வடநாட்டு ஆட்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கக்கூஸ் கிடையாது. வாய்க்கால் மேட்டுக்குத்தான் போவார்கள். அந்த வாய்க்கால் தண்ணீர்தான் தோட்டத்தில் பாய்ந்தது.

கடையில் வாங்கிய காய் என்றால் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார் முதலாளியம்மா. தோட்டத்துக் கொத்தமல்லியை மட்டும் மண்ணை உதறி அப்படியே மிக்சியில் போட வேண்டும்.

"நாம மருந்தே அடிக்கறதில்ல. எதுக்கு அலசி வாசத்தக் கெடுக்கறே அம்மணி?"

கல்லூரிக்குப் போகும் மகள் தினமும் வெறும் வயிற்றில் அந்த ஜூஸைக் குடித்துவிட்டுத்தான் காந்திபுரம் பஸ் ஏறும்.

ஒருநாள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பெற்றவர்கள் இருவரும் கார் சாவியைத் தேடி ஓடினார்கள். நான்தான் ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்துவிட்டேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் அவர்களோடு பிள்ளைக்குத் துணையாக நான் போனேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி என்றார். முதலாளிக்கு முகம் கறுத்தது.

"நாங்க கறியே தொடறதில்லீங்க டாக்டர்!"

"கறி சரியா வேகாமத் தின்னா வயித்துலதாங்க புழு வளரும். மூளைக்குப் போறது அந்தப் புழுவோட முட்டை. வயித்துல புழு இருக்கற ஆளோட கழிவுல அது இருக்கும். பன்னி வளர்க்கற ஊர்ல ஒரு விதமாப் பரவும், கறியே திங்காத ஊர்ல வேற விதமா. கழுவாத கை, தண்ணி, பச்சைக் காய், எதுல வேணா வரலாம். வீட்டுல எல்லாரும் மலம் டெஸ்ட் குடுத்துருங்க."

எல்லாரும் என்றுதான் டாக்டர் சொன்னார். கார் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அது நான் மட்டும் என்று ஆகிவிட்டது.

"தப்பா நெனைக்காதே அம்மணி. நீ டெஸ்ட் குடுத்துட்டு வேலைக்கு வந்தாப் போதும்" என்றார் முதலாளியம்மா.

முதலாளி சிரித்தார். "ஞாயித்துக்கெழமையானா இவுங்க ஊட்ல பன்னிதானே கொதிக்குது!"

ஆமாம், தின்கிறோம். குழையக் குழைய வேகவைத்துத் தின்கிறோம். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. சமைக்கிறவளைச் சோதிப்பதும் நியாயம்தான். ஆனால் என் ஒருத்தியை மட்டும் சோதிப்பது எந்த ஊர் நியாயம்? என் சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளை அது. அதன் தலைக்குள் நான் புழுவை வைத்தேன் என்று தெருவெல்லாம் பேச்சு.

டெஸ்ட் கொடுத்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

"சந்தோசம் அம்மணி" என்றார் முதலாளியம்மா.

நகராமல் நின்று கேட்டேன். "நீங்கெல்லாம் குடுத்துட்டீங்களாங்க?"

"நாங்க எதுக்கு? நாங்க சுத்த சைவம்."

"தறி ஓட்டற ஆளுகளுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க. பச்சைக் காய்லயும் வரும்னு டாக்டர் சொன்னாருங்களே, இனிக் கொத்தமல்லியக் கழுவி, வேகவெச்சே போடறனுங்க. பிள்ளைக்கு மறுபடி வந்துரக் கூடாதுங்க."

முதலாளி பேப்பரை மடித்துவைத்தார். "பன்னி திங்கறவ எங்களுக்குச் சுத்தம் சொல்லித் தர்றாளாமா?"

அந்தப் பிள்ளை மட்டும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். சமையலறையில் வேறொரு பெண் கொத்தமல்லியில் மண்ணை உதறி மிக்சியில் போட்டுக்கொண்டிருந்தாள்.