சுத்தியல் நின்றால் அழ வேண்டிய பிள்ளை

அந்தப் பிரசவ வார்டில் அவளுக்கு உஷ் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர் தவிர வேறு யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், இயல்பில் அவள் வாய் ஓயாதவள். மாடிப்படி ஏறும்போதே மேல்தளத்துக்குச் சேதி போய்விடும். அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: பச்சைப்பிள்ளையின் காதில் மெத்தென்ற ஒரு முனையைச் செருகி, கையடக்கக் கருவி எழுப்பும் சின்னச் சத்தத்துக்குக் காது பதில் சொல்கிறதா என்று பார்ப்பது! பிள்ளை தூங்க வேண்டும், அறையில் ஒரு ஸ்பூன்கூடக் கீழே விழக்கூடாது. கதவைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு 'உஷ்!' உண்டு. டாக்டருக்கும் விலக்குக் கிடையாது.

வினை வந்தது அவசரத்தால். வார்டில் கட்டில் பற்றாக்குறை. பிறந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே பிறந்த ஈரம் காதுக்குள் காய்வதற்குள்ளேயே சோதனை. ஈரம் அடைத்த காது எங்கே பதில் சொல்லும்? சிவப்பு விளக்கு எரியும். "மறுபடி ஒரு தடவை பாக்கணும்மா" என்று சொன்னால் போதும், தாய்க்குப் பாதி உயிர் போய்விடும். திரும்ப வரும்வரை சோறு தண்ணீர் இறங்காது. வந்து பார்த்தால் பச்சை விளக்கு! பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்காது. போகிற போக்கில் உஷ் அக்காவுக்கு விழுகிற வசவை இங்கே எழுத முடியாது.

ஒருநாள் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

"கருவிக்குச் செலவு, முனைக்குச் செலவு. அதைக்கூட விடும்மா. எத்தனை தாய்மாரை வீணா அழ வெச்சிருக்கோம்? நிஜமாவே குறை இருக்குன்னு எத்தனை பிள்ளையைக் கண்டுபிடிச்சே?"

"ஒரு பிள்ளை மேலதான் பலமான சந்தேகம், டாக்டரம்மா. ரெண்டு காதும் வாயே திறக்கல. ஆனா அவங்க திரும்பி வரல."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? நிறுத்திடலாமே."

நியாயமான கேள்விதான். அதனால்தான் அவளுக்கு அப்படிச் சுட்டது. வேலை போனால் வார்டில் வேறு வேலை தருவார்கள். திரும்பி வராத அந்தப் பெண்குழந்தை? காது கேட்காதது தெரியாமலே அது வளர்ந்து, பேச்சு வர வேண்டிய வயதைத் தாண்டிவிட்டால்? அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டைத் தேடிக் கிளம்பிவிட்டாள்.

வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலேயே சுத்தியல் சத்தம் காதைப் பிளந்தது. தகர வாளி அடிக்கிற பட்டறை. அதன் பின்கட்டில்தான் குடும்பம். குழந்தையின் அப்பாவான பட்டறைக்காரர் அவளைப் பார்த்ததுமே எகிறினார்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதையைத்தானே சொன்னீங்க? அதைப் பெத்தவ அழுதே பாதியாப் போயிட்டா. கடைசில பாத்தா, அந்தப் பிள்ளை எலி ஓடினாக்கூட முழிச்சுக்குது!"

"அது எங்க தப்புதான் தம்பி. அவசரப்பட்டுட்டோம்."

"எம் பொண்ணு பட்டறைக்காரன் மகள்! இந்தச் சத்தத்துல எப்படி அசந்து தூங்கறா பாருங்க. உங்க மெஷினுக்குத்தான் காது கேக்கல!"

அந்த இரைச்சலில் இதையெல்லாம் இருவரும் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசினார்கள். உஷ் அக்காவுக்கு ஈடாகக் கத்த ஓர் ஆள் கிடைத்தது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு வேளை வந்தது. சுத்தியல்கள் ஒரேயடியாக நின்றன. குழந்தையின் அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தொட்டிலைப் பிடித்து ஆட்டினாள்.

"தூங்கற பிள்ளையை எதுக்கும்மா ஆட்டறே?"

"பழக்கம்க்கா. இவளுக்கு மூத்தவ கைக்குழந்தையா இருந்தப்ப இந்நேரம் முழிச்சு ஊரைக் கூட்டிடுவா. சத்தம் இருந்தாத் தூங்குவா, நின்னா அழுவா. பட்டறைப் பிள்ளைங்க எல்லாமே அப்படித்..."

முடிக்கவில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"இவ ஒருநாளும் முழிச்சதில்லையே," என்றார் பட்டறைக்காரர். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

உஷ் அக்கா அந்தத் தாயின் தோளில் கையை வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த வாரமே பெரிய சோதனை நடந்தது. இரண்டு காதும் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. தாய் அழுதாள். இந்த முறை அழுகைக்குக் காரணம் இருந்தது, கூடவே வழியும் இருந்தது. குழந்தைக்கு இரண்டு காதிலும் குட்டிக் கருவிகள் மாட்டினார்கள். இதற்கிடையில் டாக்டரம்மாவும் உஷ் அக்காவும் உட்கார்ந்து பேசி வழக்கத்தை மாற்றினார்கள். வீட்டுக்குக் கிளம்புகிற கடைசி நேரத்தில்தான் சோதனை. சிவப்பு வந்தால் தாயிடம் மூச்சு விடாமல், பால் குடித்துத் தூங்கியதும் இன்னொரு தரம். வீண் அழுகை பாதிக்கு மேல் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை, அது நிற்காது.

"இந்த வருஷம் ஓடட்டும். அந்தக் குழந்தைக்கு இதனால என்ன நல்லது நடக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்," என்றார் டாக்டரம்மா.

சில மாதங்கள் போயின. ஒரு மதியம், தூங்கும் பிள்ளை ஒன்றின் காதில் முனையைச் செருகியிருந்தபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. எடுத்தது தப்புதான். பட்டறைக்காரரின் கூச்சல், அதற்கும் மேலே ஒரு குழந்தையின் வீறிடல்.

"அக்கா! சுத்தியல் நின்னுச்சு அக்கா! விளையாடிட்டு இருந்தவ சட்டுன்னு பட்டறைப் பக்கம் திரும்பிப் பாத்தா, உதட்டைப் பிதுக்கினா, ஒரே அழுகை! ஏன் நிறுத்தினீங்கன்னு எங்களை எல்லாம் திட்டறா அக்கா!"

"கேக்குதா? அடி என் ராசாத்தி, உனக்குக் கேக்குதாடி!"

இத்தனை வருஷம் அந்த அறையில் அடக்கி வைத்த குரல் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. வார்டிலிருந்த பிள்ளைகள் எல்லாம் தூக்கிவாரிப் போட்டு எழுந்து கோரஸாக வீறிட்டன. கதவு திறந்தது. டாக்டரம்மா உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றார்.

உஷ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். டாக்டரம்மா அதைக் காதில் வைத்து, அந்த அழுகையை முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த வருஷத்துக்கு முனை எத்தனை பெட்டி வேணும்னு சொல்லிடும்மா," என்றார்.