முதுகில் ஒரு சிறு துளை

அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பி நடந்து வந்தான். அதை மட்டும் வைத்தே நான் முடிவெடுத்தேன்.

அப்போது நான் டொக்டராகி இரண்டு வருடம். வன்னியில் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய அரச ஆஸ்பத்திரியில் வேலை. சத்திர சிகிச்சைக் கூடம் இல்லை. எக்ஸ்ரே மெஷின் ஒன்று இருந்தது, அதை இயக்குபவர் கிழமையில் இரண்டு நாட்கள்தான் வருவார். ஒரு அம்புலன்ஸ். பெரிய வருத்தம், காயம் என்றால் கிளிநொச்சிக்கு அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது, அதற்கு முன் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அச்சடித்த தாள்களாக அவசர சிகிச்சை அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. எனக்கு அந்தத் தாள்களில் பெரிய நம்பிக்கை. தனியாக நிற்கும் பெண் டொக்டருக்கு அவை ஒரு துணை.

சிறுபோகக் காலம், குளத்துத் தண்ணீரை நம்பிய கோடை வேளாண்மை. குளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. வாய்க்காலில் யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்று ஊரெல்லாம் சண்டை. இந்த இரண்டு சகோதரர்களின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். அவர் இறந்த பிறகு வயலை வரம்பு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வாய்க்கால் ஒன்றுதான். அன்று மத்தியானம் அண்ணன் தன் பக்கம் திருப்பிவிட்ட தண்ணீரைத் தம்பி மறித்தான். அண்ணன் மண்வெட்டியை ஓங்கினார். தம்பியிடம் காட்டுக்கத்தி இருந்தது.

அண்ணனை உழவு இயந்திரப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இடது தொடை முழங்காலுக்கு மேலிருந்து இடுப்புவரை திறந்து கிடந்தது. பெட்டியின் இரும்புத் தரையில் இரத்தமும் சேறும் கலந்து குழம்பாகி, இறக்கும்போது அது எங்கள் கால்களில் ஊற்றியது. கூட வந்த அவருடைய மனைவியின் கைகள் முழங்கைவரை சிவந்திருந்தன. அவர் ஒரே வசனத்தைத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

"வெட்டிப்போட்டான், கூடப் பிறந்தவனே வெட்டிப்போட்டான்!"

நான் காயத்துக்குள் கையை விட்டு, துடித்துப் பீறிய இடத்தைத் தேடி அமத்திப் பிடித்தேன். என்னோடு அன்று வேலையில் இருந்தவர் ஒரு ஆண் நேர்ஸ். என்னைவிட இருபது வயது மூத்தவர், யுத்த காலத்திலும் இதே மண்ணில் வேலை செய்தவர். அவர் தொடையின் மேற்பக்கம் பட்டியை இறுக்கினார். அண்ணன் வலியில் என் தோளைக் கடிக்க வந்தார். இரண்டு பேர் அவருடைய தலையைக் கட்டிலோடு சேர்த்துப் பிடித்தார்கள்.

அந்த நேரம்தான் தம்பி வந்தான். யாரோ மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே நடந்து வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் சேறு.

"உங்களுக்கு என்ன?" என்று நேர்ஸ் கேட்டார். 

"நெஞ்சு நோகுது."

நான் திரும்பிப் பார்க்காமலே கேட்டேன். "நடக்கிறாரோ? கதைக்கிறாரோ?"

"ஓம் டொக்டர்."

"அப்ப இருக்கட்டும். பச்சை."

சிவப்பு, மஞ்சள், பச்சை. நடந்து வந்து கதைப்பவர் பச்சை, காத்திருக்கலாம். தாளில் அப்படித்தான் இருந்தது. வெட்டியவன் அவன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அது என் தீர்மானத்தில் எவ்வளவு கலந்திருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

இருபது நிமிடங்கள் போயிருக்கும். அண்ணனின் இரத்தம் கட்டுப்பட்டது. அம்புலன்ஸ் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு கிளிநொச்சிக்குப் போயிருந்தது, திரும்பிவர இன்னும் நாற்பது நிமிடம் என்றார்கள். நான் கையுறையைக் கழற்றும்போது நேர்ஸ் கூப்பிட்டார். அவர் குரல் மாறியிருந்தது.

"டொக்டர், இவரை ஒருக்கா வந்து பாருங்கோ. இவற்ர நிறம் சரியில்லை."

உதடுகள் நாவற்பழ நிறம். கழுத்து நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அவன் போட்டிருந்த சேட்டைக் கத்தரிக்கோலால் கிழித்தோம். முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, சுண்டுவிரல் நகமளவு ஒரு துளை. அதிலிருந்து இரத்தம்கூட ஒழுங்காக வரவில்லை. வலது நெஞ்சு ஏறி இறங்கவில்லை. தட்டினால் வெறும் பீப்பாய்ச் சத்தம். தொண்டைக் குழல் இடது பக்கம் தள்ளுப்பட்டிருந்தது. குத்துப்பட்ட நுரையீரலிலிருந்து காற்று நெஞ்சுக்குள் கசிந்து, வெளியே வர வழியில்லாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் கூடி இதயத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடமாக, எனக்கு ஆறு அடி தள்ளி.

எங்கள் அளவு ஆஸ்பத்திரிக்குத் தாள் சொன்னது இதுதான்: தடித்த ஊசியை நெஞ்சில் ஏற்றிக் காற்றை விடு, நிபுணரோடு கதை, அனுப்பு. ஊசியை ஏற்றினேன். ஒன்றுமில்லை. வயல் வேலை செய்து இறுகிய தடித்த நெஞ்சு, ஊசி மடங்கிவிட்டது. இரண்டாவது ஊசி. ஒரு சிறு சீறல் வந்து நின்றுபோனது.

நேர்ஸ் கிளிநொச்சி சத்திர சிகிச்சை நிபுணரை ஃபோனில் எடுத்து என் காதோடு பிடித்தார். நான் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"எக்ஸ்ரே இருக்கோ?"

"இல்லை சேர்."

"அப்ப ஊசியோட அனுப்புங்கோ. உங்கட இடத்தில நெஞ்சை வெட்ட அனுமதியில்லை."

"ஊசி வேலை செய்யேல்லை சேர். அம்புலன்ஸ் வர நாப்பது நிமிசம். இவருக்கு நாலு நிமிசம்கூட இல்லை."

"நீங்கள் எத்தினை தரம் செய்திருக்கிறியள்?"

"செய்யேல்லை. ஒருக்காப் பார்த்தனான்."

"அப்ப வேண்டாம். தாளில இருக்கிறதைச் செய்யுங்கோ."

தம்பியின் கண்கள் மேலே செருகின. நான் நேர்ஸைப் பார்த்தேன். அவர் ஃபோனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்து நீட்டினார். நான் கேட்கவில்லை.

அதைத் துணிவு என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்குள் இருந்தது கோபம்தான். அந்தத் தாளின் மேல், ஃபோனின் மேல், என் மேல். அக்குளுக்குக் கீழே விலா எலும்பின் மேல்விளிம்பில் வெட்டினேன். தோல், கொழுப்பு, தசை. விரலை வைத்துத் தள்ளினேன். உள்ளே எதிர்த்த ஒரு சவ்வு படாரென்று விட்டுக்கொடுத்தது. சைக்கிள் ரியூப் வெடித்ததுபோல ஒரு சத்தம், என் முகமெல்லாம் இரத்தத் துமி. அவன் அலறினான். அலறுவதற்கு மூச்சு வந்துவிட்டது.

அந்த அலறல்தான் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனின் மனைவியைக் கொண்டுவந்தது. திரையை இழுத்தவர் என்னைப் பார்த்தார். தன் புருஷனை விட்டுவிட்டு, அவரை வெட்டியவன் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தார்.

"என்ர மனுசனைச் சாகவிட்டிட்டு இவனையோடி காப்பாத்துறாய்?"

சேலைன் கொழுவும் இரும்புத் தண்டை அவர் தூக்கியதை நான் கண்டேன். என் வலது கை விரல் அவனுடைய நெஞ்சுக்குள் இருந்தது. எடுத்தால் வழி மூடிவிடும். முதல் அடி தோளில். இரண்டாவது அடியை மறிக்க இடது கையை உயர்த்தினேன், மணிக்கட்டு காய்ந்த விறகுபோல முறிந்த சத்தம் கேட்டது. மூன்றாவது அடி தம்பியின் தலைக்கென்று ஓங்கியது. நேர்ஸ் குறுக்கே விழுந்து அதைத் தன் முதுகில் வாங்கினார்.

அதற்குள் செய்தி கேட்டு வாசலில் கூடியிருந்த அண்ணன் பக்கத்து ஆட்களும் தம்பி பக்கத்து ஆட்களும் உள்ளே வந்துவிட்டார்கள். மருந்து அலுமாரிக் கண்ணாடியை ஒருவன் கதிரையால் அடித்தான். ஒருவனை ஒருவன் கழுத்தில் பிடித்துச் சுவரோடு மோதினான். கண்ணாடித் துண்டுகளில் வெறுங்காலோடு மிதித்து அவர்கள் அடிபட்டார்கள், தரையெல்லாம் சிவப்புப் பாதங்கள். ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கும் வயதான அற்றெண்டன் அம்மா வாளியில் இருந்த கிருமிநாசினித் தண்ணீரை அவர்கள் முகத்தில் வீசி, "வெளியால போங்கோடா! செத்தவீடாக்கப் போறியளோ!" என்று தும்புத்தடியால் விளாசினார். கண் எரிந்தபடி ஒவ்வொருவராகத் தடவித் தடவி வெளியே போனார்கள், அண்ணனின் மனைவியும் அவர்களோடு போனார். நேர்ஸ் கதவைச் சாத்திக் கட்டிலொன்றை இழுத்து அணைகொடுத்தார்.

"எவ்வளவு நேரம் விரலை வைச்சிருப்பியள்?" என்று கேட்டார். நெஞ்சுக்கு விடும் குழாய் எங்களிடம் இல்லை. அவர் யோசித்து, மயங்கிக் கிடப்பவர்களுக்குத் தொண்டையில் விடும் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். என் விரலின் வழியே அதை நுழைத்தோம். மறுமுனையை அரைவாசித் தண்ணீர் உள்ள சேலைன் போத்தலுக்குள் அமிழ்த்தினோம். தண்ணீரில் குமிழிகள் வந்தன. அப்போதுதான் என் இடது கை வலிக்கத் தொடங்கியது.

ஒரே அம்புலன்ஸில்தான் இருவரையும் கொண்டுபோனோம், வேறு வழியில்லை. பொலிஸ்காரர் ஒருவர் முன்னால் இருந்தார். அண்ணன் கட்டிலில், தம்பி எதிர் இருக்கையில் சாய்ந்தபடி, போத்தல் கீழே. வழியில் அண்ணன் நல்ல காலை நீட்டிப் போத்தலை உதைக்கப் பார்த்தார். நேர்ஸ் அந்தக் காலின் மேல் ஏறி இருந்தார். கிளிநொச்சி வரும்வரை எழும்பவில்லை.

நிபுணர் வாசலில் நின்றார். தம்பியின் காயத்தை வெளிச்சத்தில் பார்த்தார். "இடம் சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போய் உங்கட கையைப் படம் எடுங்கோ" என்றார்.

இருவரும் பிழைத்தார்கள்.

சில கிழமைகளின் பின் விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், அதில் ஒருவர் அந்த நிபுணர். அனுமதியில்லாததை ஏன் செய்தேன், நிபுணரின் சொல்லை ஏன் மீறினேன் என்று மற்ற இருவரும் கேட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு இருந்த எனக்கு அது அநியாயமாகப் பட்டது. தாள் நோயாளியைப் பார்ப்பதில்லை, நான்தான் பார்த்தேன், யோசிக்கத் தெரிந்த எந்த டொக்டரும் அதைத்தான் செய்திருப்பார் என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

நிபுணர் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார்.

"அந்தத் தாளை எழுதினது நான். முந்தி எனக்குக் கீழ வேலை செய்த ஒரு டொக்டர், உங்களைப் போல கெட்டிக்காரர், எக்ஸ்ரே இல்லாமல் ஒரு மனுசியின்ர நெஞ்சை வெட்டினவர். கத்தி ஈரலுக்குள்ள போயிட்டுது. அந்த மனுசிக்கு நெஞ்சில காத்தே இருக்கேல்லை. அவரும் யோசிச்சுத்தான் செய்தவர்."

அவர் அந்தத் தாளின் பிரதியொன்றை மேசையில் எனக்கு முன்னால் வைத்தார்.

"ஊசி வேலை செய்யாட்டி என்ன செய்யிறது எண்டு நான் எழுதேல்லை. அது என்ர பிழை. ஃபோனில வேண்டாம் எண்டு சொன்னதும் என்ர பிழை. நான் உங்களைக் கேக்கிறது வேற. அவர் வந்து இருபது நிமிசம் நீங்கள் ஏன் அவரைப் பார்க்கேல்லை?"

"அவர் பச்சை சேர். தாளில…"

"பச்சை போட்ட ஆளைப் பத்து நிமிசத்துக்கு ஒருக்காத் திரும்பப் பார்க்க வேணும் எண்டு அதே தாளில கடைசி வரியில இருக்கு. வாசிச்சனீங்களோ?"

வாசித்திருந்தேன். பல தடவை. தாளை நம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்கு வசதியான பாதியை மட்டும் நம்பியிருக்கிறேன். பத்தாவது நிமிடத்தில் எழும்பிப்போய்ச் சேட்டைக் கழற்றியிருந்தால் கத்தியை எடுக்காமலே, முதல் ஊசியோடு, நேரத்தோடு ஏதாவது செய்திருக்கலாம். நான் தாளைக் கைவிட்ட இடத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு முன்பே அந்தத் தாளின் பின்னால் நான் ஒளிந்துகொண்ட இடத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அழுகை வந்தது. அடிபட்டபோது வரவில்லை.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள். இன்னும் வைத்திருக்கிறேன். 

அந்த வருடக் கடைசியில் நீதிமன்றத்தில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனின் மனைவி மேல் இரண்டு வழக்குகள். அரச ஊழியரை அடித்தது ஒன்று. மற்றது, தம்பியின் முதுகில் குத்தியது. ஆம், அந்தத் துளை அவருடைய வேலை. புருஷனைத் தம்பி வெட்டும்போது வரம்பில் கிடந்த கூர்க்கம்பியை எடுத்து இறக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நின்ற அவ்வளவு நேரமும் அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

நீதிமன்ற விறாந்தையில் என் பக்கத்தில் வந்து நின்றார். கூட வந்த பெண் பொலிஸ் தடுக்கவில்லை.

"கை சரியோ டொக்டர்?"

"பாரம் தூக்க ஏலாது."

அவர் முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் வெட்டேக்க நான் ஒண்டும் யோசிக்கேல்லை. குத்தினன். யோசிச்சுக்கொண்டு நிண்டிருந்தா என்ர மனுசன் அந்த இடத்திலயே முடிஞ்சிருப்பார். அதுக்கு நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்க மாட்டன்."

"எனக்கு அடிச்சது?"

"அதையும் யோசிக்கேல்லை." அவருடைய குரல் இறங்கியது. "அவன் அண்டைக்குச் செத்திருந்தா நான் கொலைகாரி. அதைத் தடுத்த கையையெல்லோ முறிச்சுப்போட்டன்."

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி, யார் அடித்தது என்று கேட்டபோது, அவரைக் காட்டினேன். எத்தனை அடி என்று கேட்டபோது மூன்று என்றேன். மூன்றாவது யாருக்கு ஓங்கியது என்றும் சொன்னேன். அவர் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.