நோன்பை முறிக்காத ஊசி

1931ஆம் வருசம், நோன்பு மாதத்தில், கண்டி டவுனில் நடந்தது இது. புடவைக்கடைக்கு வருகிறவர்களைச் சிரிக்கவைத்தே வியாபாரம் செய்கிற ஆள் நான். வீட்டில்தான் சிரிப்பில்லை. என் மனைவிக்கு மூன்று தடவை வயிற்றில் தங்கி, மூன்றும் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் கலைந்துபோயின. கலகெதர ஊரிலிருந்து என் உம்மா இடுப்பில் கட்ட ஓதிய நூலாக அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவதும் போனபிறகு நூல் நின்றது, எனக்கு இன்னொரு பெண் பார்க்கிற பேச்சு வந்தது. மார்க்கத்தில் இடம் இருக்கிறதே என்றார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

மனைவி என்னை இழுத்துக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்து லேடி டொக்டரிடம் போனாள். வெளியே வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை டொக்டர் உள்ளே கூப்பிட்டு, "உங்கட ரத்தமும் வேணும்" என்றார்.

எனக்கு ஒன்றும் கலையவில்லையே என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஊசியை எடுத்தார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நான் நோன்பு, குத்த ஏலாது என்று சொல்லி நழுவினேன். நோன்பின்மேல் அத்தனை பக்தி எனக்கு அதற்குமுன் வந்ததே இல்லை.

நேரே பள்ளிவாசல் லெப்பையிடம் ஓடினேன். கூடாது என்று ஒரு சொல் வாங்கினால் பெருநாள்வரை தப்பலாம். அவரோ, ரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்றார். "பயமென்டா பயமென்டு சொல்லுங்க. நோன்புக்கு மேல போட வாணாம்."

என் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற மனைவி அதைக் கேட்டுவிட்டாள். "நான் மூணு தரம் தாங்கின. நீங்க ஒரு ஊசி தாங்குங்க."

தாங்கினேன் என்று சொல்லமுடியாது. குத்துமுன்னமே மயங்கிவிட்டேன்.

ரத்தம் கொழும்புக்குப் போய்ப் பதில் வந்தது. இருவருக்கும் மேகநோய். கல்யாணத்துக்கு முன் கொழும்பில் நான் ஆடிய ஆட்டத்தின் மிச்சம். என்னிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து பிள்ளைகளுக்கு. மருந்து இருக்கிறது, ஆனால் இருவரும் மாதக்கணக்கில் ஊசி போடவேண்டும் என்றார் டொக்டர். மனைவி என்னைத் திட்டவில்லை. முதல் ஊசி எப்போது என்று டொக்டரிடம் கேட்டாள்.

பெருநாளன்று உம்மா வீட்டில் பெண் பேச உறவெல்லாம் கூடியிருந்தது. கதிரையிலிருந்து எழுந்து சொன்னேன்: "கெட்டது என்ட ரத்தம். இன்னொருத்திய கட்டினா அவட பிள்ளையும் சாகும். இனி இவளப் பத்தி ஒருத்தரும் பேசவாணாம்."

சபையில் சொல்ல வெட்கமில்லையா என்றார் ஒரு மாமா. நிறைய இருக்கிறது, இத்தனை நாளும் அதை இவள் தலையில் வைத்திருந்தேன் என்றேன். உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் சாப்பிடாமலே பஸ் ஏறினோம்.

ஒரு வருசத்துக்கும் மேல் ஊசி. ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணை மூடினேன், அவள் மூடவில்லை. அதன்பிறகு உண்டான பிள்ளை பத்து மாதமும் தங்கி, தெருவே கேட்க அழுதுகொண்டு பிறந்தாள்.

இன்றைக்கும் எவனாவது கடைக்கு வந்து தன் மனைவிக்கு வயிறு தங்கவில்லை என்று குறை சொன்னால், உன் ரத்தத்தைப் பார்த்தாயா என்று எல்லார் முன்னாலும் கேட்கிறேன். அவன் முகம் போகிற போக்கில் அன்றைய என்னையே பார்த்துக்கொள்கிறேன்.