ரூபன் வைத்த சத்தம்

வளைகுடாவில், ராஸ் அல் கைமா சிமெண்ட் ஆலையின் தொழிலாளர் கேம்பில் என் ரூமில் இருந்தவன் யாழ்ப்பாணத்து ரூபன். டியூட்டி முடிந்ததும் கிரஞ்ச் ராக் கேசட் போடுவான்.

"இது பாட்டா தம்பி, அழுகையா?"

"ரெண்டும்தான் அண்ணை. சியாட்டில் எண்டு ஒரு மழை ஊர்ப் பெடியள் பாடினது. மெல்லத் தொடங்கி, தாங்கேலாமல் கத்துவாங்கள்."

ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. அங்கே வெள்ளி வார விடுமுறை, ரூம் நிறைய ஆட்கள். போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

ரூபன் எழுந்தான். கேசட்டை முழுச் சத்தத்தில் வைத்தான். கிட்டார் இரைந்தபோது வாய்விட்டு அழுதேன். பாட்டு தணிந்த இடங்களில், என் குரல் வெளியே கேட்காதபடி அவனே கத்திப் பாடினான். எல்லோரும் அவனைத்தான் திட்டினார்கள்.

இன்று எனக்குத் தனி வீடு இருக்கிறது. அம்மாவை நினைத்து அழ, இன்னும் அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது.