கிளிஃபர்ட் வைத்த மூன்று புள்ளி

என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் வாயில் கெட்ட வார்த்தை வராது. ஒரு தமிழ்ப் பேப்பரில் உதவி ஆசிரியராக இருந்து, ஊரார் திட்டியதற்கெல்லாம் புள்ளி வைத்தே ரிட்டயர் ஆனவர். காலையில் காப்பியோடு படிக்கிற பேப்பரில் 'சனியன்' கூட வரக்கூடாது என்பது அந்த ஆபீஸ் சட்டம். எழுத்துக்கு ஒரு புள்ளி. தலைவர்கள் மேடையில் சண்டை போட்டால் மறுநாள் முதல் பக்கம் கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

வளைகுடா யுத்தத்தின்போது ஒரு சிப்பாய் 'பிளடி வார்' என்று இங்கிலீஷில் திட்டி அலுத்துக்கொண்டதை 'இரத்தம் தோய்ந்த யுத்தம்' என்று போட்டார். யுத்தமாச்சே, தப்பு யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் ஒரு தளபதியை யாரோ 'பிளடி' சேர்த்துத் திட்டியதை 'இரத்தம் தோய்ந்த ....' என்று போட்டபோதுதான், அவருக்குக் காயம் பலமா என்று வாசகர்கள் போன் பண்ணினார்கள்.

போன மாசம் எங்கள் மகள் ரெனிட்டாவைப் பெண் கேட்டு, அவள் காதலிக்கிற மேத்யூவின் அப்பா விக்டரும் அம்மா ஜூலியட்டும் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. திடீரென்று விக்டர், சுவரில் இருந்த ரிட்டயர்மென்ட் போட்டோவில் பேப்பர் பெயரைப் பார்த்துவிட்டார்.

"நீங்க அந்தப் பேப்பரா சார்?"

எண்பத்தொன்பது தேர்தலில் அவர் சுயேச்சையாக நின்றாராம். எதிராளியை மேடையில் ஒரு வார்த்தை சொன்னாராம். பேப்பரில் 'அவர் ஒரு ...' என்று வந்தது. ஊரே தனக்குத் தெரிந்த மோசமான மூன்றெழுத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டது. மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க விடவில்லை. வீட்டில் ஜூலியட்டும் அவரை நம்பவில்லை.

"அந்தப் புள்ளி வெச்சது நான்தான்" என்றார் என் புருஷன். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

விக்டர் எழுந்துவிட்டார். ரெனிட்டா முகம் வெளுத்துவிட்டது.

"இந்தக் கல்யாணம் நடக்கணும்னா, அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்னு இவகிட்ட சொல்லுங்க சார்! இத்தினி வருஷமா நான் சொல்லி நம்ப மாட்றா."

இவருக்கு வியர்த்துக் கொட்டியது. "லேடீஸ் இருக்காங்களே…"

"ஏங்க, பொண்ணு வாழ்க்கைங்க! சொல்லித் தொலைங்க!" என்று கத்தினேன்.

கண்ணை இறுக மூடிக்கொண்டார். "க… கழுதை."



"நெஜமாவே கழுதைதானா?" என்று கேட்டார் ஜூலியட். "அதுக்கா நான் கோச்சிக்கினு ஆறு மாசம் எங்கம்மா ஊட்ல போய் உக்காந்தேன்?" கண் கலங்கி விக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மா இவர் பக்கம் திரும்பியதும் எனக்கே பயமாகிவிட்டது.

"கழுதைன்னு போட்டா இன்னா சார் கொறஞ்சுடும்? சம்பந்தியாச்சேன்னு உடறேன்."

சம்பந்தி என்று காதில் விழுந்ததும் ரெனிட்டா அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான்.