இடது காதுப் பாட்டு

அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘பொறுமை’. வைத்தது எதிர்வீட்டு அக்கா. அக்காவுக்கு வாய் எவ்வளவு நீளமோ கண்ணும் அவ்வளவு கூர்மை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கண்ணும் ஏமாந்துபோனது.

“உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லடி பொறுமை. உன் மாமனார் காலைல வாயைத் திறந்தா சாயங்காலம்தான் மூடுறார். நானா இருந்தா என்னிக்கோ துணியை வச்சு அடைச்சிருப்பேன். நீ என்னடான்னா சிரிச்சுக்கிட்டே ‘ஆமாங்க மாமா’ங்கிற!”

பொறுமை அதற்கும் சிரித்து வைப்பாள். அடைப்பு மாமனார் வாயில் இல்லை, அவள் காதில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் வீட்டிலிருந்தே சட்டைக் காலர் தைப்பவள். கம்பெனி வேன் வாரத்தில் இரண்டு நாள் வந்து, வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாக இறக்கிவிட்டு, தைத்த காலர்களை ஏற்றிக்கொண்டு போகும். கூடத்து ஜன்னலை ஒட்டி மோட்டார் மெஷின். விறைப்புக்கு உள்ளே கேன்வாஸ் துணி வைத்து மூன்று பக்கம் அடித்து, புரட்டி, முனையைக் குச்சியால் தள்ளிக் கூராக்கி, மேல்தையல் ஓட்ட வேண்டும். இரண்டு முனையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மழுங்கினாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். ஆகவே கண்ணை அங்கே இங்கே ஓட்ட முடியாது. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் வலப்பக்கத்து நாற்காலியில் மாமனார் காத்திருந்தார்.

அவர் மின்சார ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் மீட்டர் ரீடர். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடிய எண்ணைக் குறித்து வருகிற வேலை. அறுநூற்று நாற்பது வீடு, அறுநூற்று நாற்பது மீட்டர். எந்த வீட்டு மீட்டர் அலமாரிக்குப் பின்னால் இருந்தது, எந்த வீட்டு நாய் கெண்டைக்காலைக் கவ்வியது, எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவே இவரை நாட்டாமையாக உட்கார வைத்தார்கள் என்று எல்லாம் நுனிநாக்கில் இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தவர், குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்ததும் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். அறுநூற்று நாற்பது வீட்டையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

வந்த முதல் வாரமே அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து வந்த அவள் தம்பி, புதுப் போன் வாங்கியவன், தன் பழைய எம்பி3 பிளேயரை அவள் கையில் திணித்தான். தீப்பெட்டியில் பாதி இருக்கும். பின்னால் ஒரு கிளிப், பக்கவாட்டில் மூன்று பொத்தான், உள்ளே இருநூற்றுப் பத்துப் பாட்டு.

“வச்சுக்கோக்கா. உனக்குன்னு ஒண்ணாவது இருக்கட்டும்” என்றான்.

உண்மைதான். அந்த வீட்டில் அவளுக்கென்று மட்டும் வேறு என்ன இருந்தது? சீப்பைக்கூட மூன்று பேர் உபயோகித்தார்கள்.

கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம் பிளேயரைக் கிளிப் போட்டு, வயரைப் பின்கழுத்து வழியாக ஏற்றி, இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, முடியை இழுத்து மேலே விட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாமனார் உட்காருவது வலப்பக்கம். முதல் நாள் கை வியர்த்துத் துணி வழுக்கியது. ஒரே ஒரு பாட்டுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் மூன்று பாட்டு. மாதம் முடிவதற்குள் அவளுக்கு வித்தை கைவந்துவிட்டது. வலது காதில் மாமனார் குரல் சத்தமாக மட்டும் விழும், சொல்லாக விழாது. சத்தம் நின்றால் ‘ஆமாங்க மாமா’. நீளமாக நின்றால் ‘அப்படிங்களா!’. அவர் சிரித்தால் கூடவே ஒரு சிரிப்பு. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவர்களைப் பார்த்திருப்போம். இவள் வாங்கவே இல்லை, பாருங்கள்!

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. உறுத்தியதெல்லாம் மற்றவர்கள் மெச்சும்போதுதான். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “எங்கப்பா பேசறதைக் காது கொடுத்துக் கேக்கறவ நீ ஒருத்திதான். என்னாலகூட முடியலை” என்றான். தையல் ஊசி நகக்கண்ணில் ஏறினதுபோல இருந்தது அவளுக்கு. நாளையோடு இதை நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். மறுநாள் காலையில் வேன் இரண்டு கட்டு அதிகமாக இறக்கிவிட்டுப் போனது. நிறுத்தவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வழக்கத்துக்கு மாறாக மாமனார் குரல் தாழ்ந்து வந்தது. இடையிடையே நின்றது. அவள் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் இடது காதில் அவளுக்குப் பிடித்த பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வரும் இடம். குரல் நின்றதும், குழல் தந்த சந்தோஷத்தோடு அவர் பக்கம் திரும்பி முகமெல்லாம் சிரிப்பாக, “ஆமாங்க மாமா” என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். இன்றைக்குச் சீக்கிரமே களைத்துவிட்டார் போல, தப்பித்தோம் என்று அவள் அடுத்த காலரை எடுத்தாள்.

அடுத்த மூன்று நாளும் நாற்காலி காலியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் சரியில்லை.

“அப்பா முதியோர் ஹோமுக்குப் போறேங்கிறார். படிவம்கூட வாங்கி வச்சிருக்கார்.”

“ஏன்? என்ன ஆச்சு?”

“உன்கிட்ட கேட்டாராமே? ‘நான் உனக்குப் பாரமா இருக்கேனாம்மா, நான் போயிட்டா உனக்கு நிம்மதியா இருக்குமா, மனசுல இருக்கறதைச் சொல்லு’ன்னு. நீ சிரிச்சுக்கிட்டே ‘ஆமாங்க மாமா’ன்னியாம்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பாட்டு, எந்த இடம் என்பதுவரை ஞாபகம் வந்தது.

“நான் அப்படிச் சொல்வேனா?” என்று வாயில் வந்துவிட்டது.

“அதானே! நீயா சொல்லுவ?” அவன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. “எனக்கு அப்பவே சந்தேகம். அப்பாவுக்குத்தான் ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சிருக்கு. வயசாகுதுல்ல?”

அடிப் பாவி, அந்த இடத்திலாவது அவனைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கக் கூடாதா? வாய் திறந்தால் இரண்டு வருஷமும் சேர்ந்து வெளியே வந்து விழும். கணவன் முகம், எதிர்வீட்டு அக்காவின் வாய், எல்லாம் கண்முன் வந்தது. அவன் அப்பாவின் அறைக்குள் போனான். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் காது இரண்டும் திறந்திருந்தது.

“இல்லடா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கூடத்து நாற்காலியிலதான் உக்காந்து...”

“அவ சொல்லவே இல்லைங்கிறாப்பா.”

ஊன்றுகோல் ஒருமுறை தரையில் தட்டியது.

“அப்படியா சொல்றா? அப்ப சரி. அவ பொய் சொல்ல மாட்டா” என்றார் மாமனார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் மாறிப்போனது. வழி மறந்துவிடப் போகிறது என்று கணவன் அவரிடமிருந்து வாசல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். வியாழக்கிழமைக்கு மறதி டாக்டரிடம் நேரம் வாங்கினான். அறுநூற்று நாற்பது மீட்டர் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்த மனுஷன், “நான் மாத்திரை போட்டேனாம்மா?” என்று அவளிடம் வந்து கேட்டார். போட்டிருந்தார். பத்து நிமிஷம் முன்னால் அவர் போட்டதை இவளே பார்த்திருந்தாள். ‘போட்டீங்க மாமா’ என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மெஷினுக்குத் திரும்பினாள்.

பிளேயரை அவள் அந்த வெள்ளிக்கிழமையே கழற்றிவிட்டாள். கழற்றி என்ன பிரயோஜனம்? கேட்பதற்கு இப்போது அவர் பேசவில்லை.

புதன்கிழமை காலை அவர் அறையைப் பெருக்கப் போனவள் மேஜைமேல் ஒரு நோட்டைப் பார்த்தாள். மீட்டர் ரீடர் பழக்கம், நேர்கோடாகப் பத்தி பிரித்திருந்தார். நேரம், கேட்டது, பதில். ‘காலை 8, டீ கேட்டேன். கொடுத்தாள்.’ ‘8.40, மாத்திரை கேட்டேன். போட்டாயிற்று என்றாள்.’ ஏட்டைத் திருப்பினாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘செவ்வாய், ஹோம் பற்றி மருமகளைக் கேட்டதாக நினைப்பு. கேட்கவில்லை. என் தவறு.’

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவர் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கூடத்துக்குப் போய் மெஷின் டிராயரைத் திறந்து பிளேயரை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“பாட்டுக் கேக்கற மெஷின் மாமா. அன்னிக்கு நீங்க என்னைக் கேட்டது நிஜம். நான் ஆமான்னு சொன்னதும் நிஜம். ஆனா நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. இது காதுல இருந்துச்சு. சும்மா பழக்கத்துல சொல்லிட்டேன். அப்புறம் அவர் கேட்டப்போ பயந்துபோய் மறைச்சுட்டேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப எனக்கு மறதி இல்லையா?”

“இல்ல மாமா.”

“நான் அப்பவே சொன்னேன்ல!” தொடையில் ஓங்கித் தட்டினார். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. “கூடத்து நாற்காலி, செவ்வாய்க்கிழமை, மணி ரெண்டேகால்! சொன்னேன்ல அவன்கிட்ட!” சிறைக்குள்ளிருந்து வெளியே வந்தவர்போல அப்படி ஒரு சந்தோஷம். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். திட்டாமல் விட்டாரே, இத்தோடு போயிற்றே என்று இருந்தது. அப்புறம்தான் அவர் கையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“ரெண்டு வருஷமா.”

“தினமுமா?”

“தினமும்தான் மாமா.”

தொடைமேல் இருந்த கை அப்படியே நின்றது. மனதுக்குள் வீடு வீடாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

“அந்தப் பல்பு வீட்டுக் கதை சொன்னப்போ நீ அழுதியே? கண்ணெல்லாம் கலங்கிச்சே?”

பொய் சொல்ல ஒரு நொடி அவளுக்கு ஆசை வந்தது. எவ்வளவு சுலபம்!

“அது பாட்டுக்கு மாமா.”

பிளேயரை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். நோட்டை மூடினார். “இதை அவன்கிட்டயும் நீதான் சொல்லணும்” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலமே சொன்னாள். கணவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற வரைக்கும் வந்துட்டேனே” என்று மட்டும் சொல்லிவிட்டு, சாவியை எடுத்துப்போய் அப்பாவிடம் கொடுத்தான். டாக்டரிடம் போகவில்லை. ஹோம் படிவம் மட்டும் நோட்டுக்குள் மடித்தபடி இருந்தது. கிழிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை.

மறுநாளிலிருந்து அவள் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு காதும் வெளியே தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். மாமனார் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார், செய்தித்தாள் படித்தார், பேசவில்லை. மெஷின் சத்தம் மட்டும் கூடத்தில் ஓடியது. அதற்கு நடுவே அவளுக்குப் பாட்டு ஞாபகம் வேறு வந்து தொலைத்தது. அந்தப் புல்லாங்குழலுக்குக் காது ஏங்கியது. சே, இவ்வளவு நடந்தும் இப்படி ஒரு புத்தியா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நாலு நாள் தாக்குப்பிடித்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம், தைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, ஒரு கதை சொல்லுங்களேன்.”

“எல்லாம் சொன்னதுதானே.” செய்தித்தாளை அவர் இறக்கவில்லை.

“பரவாயில்லை மாமா.”

“எந்தக் கதை வேணும்?”

எதைக் கேட்பாள்? இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு கதையின் பெயர் தெரியவில்லை. ஏதோ நாய், ஏதோ அலமாரி. கூனிக் குறுகிப்போனாள்.

“நான் அழுத கதை மாமா.”

செய்தித்தாள் இறங்கியது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது காதைப் பார்த்தார்.

“மெஷினை நிறுத்து.”

நிறுத்தினாள். ஒரு காலர் பாதி முனையோடு ஊசிக்கடியில் கிடந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வீடு, கால் முடியாத ஒரு அம்மா தனியாக இருந்தாள், மீட்டர் வெளிச்சுவரில், மூன்று மாதமாக எண் ஒரு புள்ளிகூட நகரவில்லை. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று இவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சட்டென்று நிறுத்தினார். “இப்ப நான் என்ன சொன்னேன்?”

“முந்நூத்துப் பன்னெண்டாம் நம்பர். மூணு மாசமா எண் நகரலை. நீங்க ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சீங்க” என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பித்தாள்.

அவர் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். நாலாவது மாதம் கதவைத் தட்டினார். உள்ளே இருட்டு. இருந்த ஒரே பல்பும் போய்விட்டிருந்தது, ஏறி மாட்ட ஆளில்லை. மூன்று மாதமாக அந்த அம்மா இருட்டிலேயே இருந்திருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் இவர் செருப்புச் சத்தம் கேட்டிருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள். மீட்டரில் கண் வைத்திருந்தவருக்கு அது காதில் விழவில்லை.

“நாற்காலி போட்டு ஏறி நான்தான் பல்பு மாட்டினேன்” என்றார். மறுபடி நிறுத்தி, “நான் என்ன சொன்னேன்?” என்றார்.

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அழுதால், இது பாட்டுக்கு இல்லை என்று அவர் நம்ப வேண்டுமே.