வண்டி ஏறாத வெர்னா

வெர்னா ஹால்வர்சன் மினசோட்டாவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் ஒருமுறை அதட்டினால் உள்ளே இருந்த அறுபது பிள்ளைகளோடு எதிரே வந்த லாரியும் வாயை மூடிக்கொண்டு ஓரமாய் நிற்குமாம். ஓய்வு பெற்ற அன்று சாவியை மேசைமேல் வைத்தாள். "உக்காந்து சம்பாதிச்சாச்சு. இனிமே எந்தச் சக்கரத்து மேலயும் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அரிசோனா பாலைவனத்துக்கு வந்து ஒரு வீடு வாங்கினாள். பின்கதவைத் திறந்தால் குடியிருப்புக்காரர்களுக்கு மட்டுமேயான கோல்ஃப் மைதானம்.

மைதானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினெட்டுக் குழிகளுக்கும் அடிக்க வேண்டிய தூரம் குறைவு. அகலமோ ரிப்பன் அளவுதான். இந்தப் பக்கம் கள்ளிக்காடு, அந்தப் பக்கம் வீட்டுச் சன்னல்கள். நேராக அடிக்கத் தெரியாதவர்கள் முள்ளுக்கும் கண்ணாடிக்கும் மாற்றி மாற்றி மொய் எழுத வேண்டியதுதான். ஏழாம் குழி ஓரத்துச் சகுவாரோ கள்ளி நூற்றுப் பதினான்கு பந்துகளை விழுங்கியிருக்கிறது. நல்ல மழை பெய்த வருஷம் அதில் இரண்டு முளைவிட்டதை வெர்னா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

எழுபத்தொன்பது வயதிலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேதான் ஆடினாள். அது மைதானக் கமிட்டித் தலைவர் லைல் பிங்கமின் கண்ணை உறுத்தியது. நவம்பரில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்: இனி எல்லாரும் பேட்டரி வண்டியில்தான் ஆட வேண்டும்; மறுப்பவர்கள் உறுப்பினர் அட்டையை ஒப்படைக்கலாம்.

அன்று காலைச் சிற்றுண்டிக் கூடத்தில் முட்டையும் பச்சை மிளகாயும் சுருட்டிய பரிட்டோவைக் கடித்தபடியே லைல் ஆரம்பித்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் வெர்னா. இடுப்பெலும்பு மாத்தின உடம்பு இல்லையா?"

"மாத்தினது எதுக்கு? அலமாரியில வெச்சு அழகு பாக்கவா?"

"நீங்க ஆடி முடிக்கிறதுக்குள்ள பின்னாடி வர்றவனுக்குத் தாடி முளைக்குது."

"பின்னாடி வர்றது நீதானே லைல்? கள்ளிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பந்து தேடுறியே, அந்த நேரத்துல முளைச்ச தாடியா இருக்கும்."

கூடமே சிரித்தது. லைலின் காது சிவந்தது.

"சரி, நாளைக்கே பாத்துடலாம். நீங்க ஒண்ணாவது குழியிலேருந்து நடங்க. நான் பத்தாவதுலேருந்து ஆரம்பிச்சு வண்டியில பதினெட்டையும் சுத்தி வர்றேன். எனக்கு முன்னாடி பதினெட்டையும் முடிச்சுட்டு இங்க வந்தா அந்தத் தாளைக் கிழிச்சுடறேன். இல்லைன்னா அட்டையை வெச்சுடுங்க."

"வெச்சுடறேன்."

பக்கத்தில் இருந்த தோழி நெல்டா வாயைத் திறந்தாள். "ஏன் லைல், நாளைக்குத்தானே—" மேசைக்கடியில் வெர்னாவின் கால் அவள் முழங்காலைப் பதம் பார்த்தது. நெல்டா காபியைக் குடித்துக்கொண்டாள்.

நாளைக்குத்தான் மைதானம் மறுபடி திறக்கிற நாள். அக்டோபரில் மைதானத்தை மூடி, கோடைப்புல்லை ஒட்ட வெட்டிக் குளிர்காலப் புல் விதைப்பார்கள். திறந்த பிறகும் இளம்புல் நன்றாக வேர்பிடிக்கும்வரை வண்டிகள் ஓரத்துச் சிமெண்டுப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. வருஷா வருஷம் வண்டிகளைத் தடுக்கப் பாதையோரம் கயிறு கட்டுவதே லைல்தான். வாய்வீச்சில் அது மறந்துபோயிற்று.

மறுநாள் ஊரே வீட்டுப் பின்புறங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. நெல்டா சாட்சியாக லைலின் வண்டியில் ஏறினாள். வெர்னா அடித்தாள், நடந்தாள், அடித்தாள். குட்டை மைதானத்தில் நேர்கோட்டில் நடப்பவளுக்கு என்ன அவசரம்?

ஐந்தாம் குழியும் பதினான்காம் குழியும் பக்கம் பக்கமாகப் போகின்றன. அங்கேதான் லைலைப் பார்த்தாள். வண்டி பாதையில், பந்து எதிரோரத்தில். ஒரு மட்டையோடு ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு மட்டை வேண்டியிருக்கும். திரும்ப வண்டிக்கு ஓட்டம், திரும்பப் பந்துக்கு ஓட்டம்.

"லைல், ஓட்டப் பந்தயம்னு சொல்லவே இல்லையே!"

"பேசாம போங்க!" என்றவர், குறுக்குவழி தேடிக் கள்ளிக்குள் புகுந்தார். அங்கே சோய்யா என்று சொல்கிற கள்ளியின் முள்ளுருண்டை ஒன்று காலுறையோடு சேர்த்துக் கெண்டைக்காலைக் கவ்வியது. இந்த ஊர் வழுக்கைத் தலையர்களும் பையில் சீப்பு வைத்திருப்பது இதற்காகத்தான். நெல்டா சீப்பால் நெம்பி எடுக்க, லைல் போட்ட கூச்சலில் மலைச்சரிவில் உறங்கிய கயோட்டி நரிகள் ஊளையிட்டுப் பதில் சொல்லின.

சிரித்தவளை இடுப்பு சும்மா விடவில்லை. பதினாறாம் குழியில் உள்ளே யாரோ ஆணியடிப்பதுபோல் வலித்தது. பந்து வேறு பாலைக்குள் போயிற்று. வாங்கி ஒரு மாதமே ஆன நல்ல பந்து. சிக்கனத்துக்குப் பேர்போன மினசோட்டாக்காரிக்கு அதை விட்டுவர மனசு வருமா? இங்கே இருக்கிற வழக்கப்படி ஓரத்தில் வேறு பந்தைப் போட்டு, ஒரு அடி கூடுதலாக எழுதிக்கொண்டால் தேட வேண்டாம். லைலாக இருந்தால் தேடியிருப்பார். வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு புதுப்பந்தைப் போட்டாள்.

இரண்டு மணி இருபது நிமிஷத்தில் கூடத்துக்குள் நுழைந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உட்காரவில்லை. பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

அரைமணி கழித்து லைல் நொண்டிக்கொண்டு வந்தார். பேனாவை எடுத்துத் தாளின் அடியில் எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதுற?"

"உடல்நிலை காரணமா வெர்னா ஹால்வர்சனுக்கு மட்டும் விலக்கு. இனிமே உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. போதும்ல?"

"எனக்கு என்ன நோய்?"

"சும்மா ஒரு காரணத்துக்குத்தான்..."

"நாளைக்கு நெல்டாவுக்கு நடக்கணும்னு தோணினா அவளுக்கு என்ன நோய் எழுதுவே? கிழிக்கிறேன்னு சொன்னே. கிழி."

"முதல்ல உக்காருங்க, கால் நடுங்குது பாருங்க."

"நடுங்கட்டும். என் கால். நீ கிழி."

லைல் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு முகமும் துணைக்கு வரவில்லை. தாளைப் பிடித்து இழுத்தார், பாதிதான் வந்தது.

"மூலையில இன்னும் இருக்கு" என்றாள் வெர்னா.

அவர் நகத்தால் சுரண்டி முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.